சூரைத் தலைக்குப் பின்னால் போகும் சுறா

தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் ஊரை ஒட்டிய கிளைன்பாய் துறையிலிருந்து கிளம்பும் படகு டையர் தீவின் அருகே நங்கூரம் போட்டதும், முதலில் கடலில் இறங்குவது மீன் எண்ணெயும் அரைத்த மீன் சதையும் கலந்த கலவை. அதைப் படகுக்காரர்கள் ‘சம்’ என்பார்கள். கரண்டி கரண்டியாக ஊற்ற ஊற்ற, அதன் வாசம் நீரோட்டத்தோடு நீண்ட பட்டையாக விரிந்து போகிறது. அதை மோப்பம் பிடித்து ஒரு வெள்ளைச் சுறா வந்தால், கயிற்றில் கட்டிய சூரை மீன் தலை ஒன்றைப் படகின் பக்கம் வீசுவார்கள். சுறா கவ்வ வரும்போது கயிறு கூண்டை நோக்கி இழுபடும். படகின் விலாவோடு பிணைத்த கூண்டுக்குள் ஐந்தாறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு தலையை நீருக்குள் அமிழ்த்துவார்கள். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். சுறா திரும்பிப் போகும், அல்லது மறுபடி வரும். உலகெங்கும் இந்தத் தொழிலைப் பற்றி நடக்கும் சண்டை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே வருகிறது: இப்படிச் செய்வதால் சுறா மனிதனை இரையாகப் பார்க்கப் பழகிவிடாதா? இது தவறான கேள்வி இல்லை. ஆனால் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் இது இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கூண்டுத் தொழிலின் செலவைக் கட்டுவது எங்கோ அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர் அல்ல. சூரைத் தலைக்குப் பின்னால் போன அந்தச் சுறாதான் தன் நேரத்தையும் உடல் ஆற்றலையும் கொடுத்து அதைக் கட்டுகிறது.

கூண்டின் வரலாறு ஒரு தாக்குதலில் தொடங்குகிறது. 1963 டிசம்பர் 8 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் அல்டிங்கா கடற்கரையில் நடந்த ஈட்டி மீன்பிடிப் போட்டியில் ராட்னி ஃபாக்ஸ் என்ற இளைஞரை வெள்ளைச் சுறா ஒன்று விலாவோடு சேர்த்துக் கவ்வியது. நானூறுக்கும் மேற்பட்ட தையல்களோடு பிழைத்து எழுந்தவர், சில ஆண்டுகளிலேயே கம்பிக் கூண்டு ஒன்றைச் செய்து அதே இனச் சுறாவைப் பார்க்கக் கடலுக்குள் இறங்கினார். ஆரம்பத்தில் கூண்டு கேமராக்காரர்களுக்கு உரியதாக இருந்தது. 1971இல் வந்த ‘புளூ வாட்டர், ஒயிட் டெத்’ ஆவணப்படத்தின் வெள்ளைச் சுறாக் காட்சிகளும், 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்தின் உண்மைச் சுறாக் காட்சிகளும் தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் இப்படித்தான் எடுக்கப்பட்டன. உலகை நடுங்கவைத்த அந்தப் படத்துக்குச் சுறாவை வரவழைத்துக் கொடுத்ததும் இதே இரை வாசம்தான். கேமராவுக்கு நடந்தது பின்னால் கட்டணம் செலுத்தும் பயணிகளுக்கும் நடந்தது. கான்ஸ்பாய், ஃபால்ஸ் விரிகுடா, மோசல் விரிகுடா, ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகள், மெக்சிகோவின் குவாடலூப்பே தீவு, நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவு என்று தொழில் பரவியது. எல்லா இடத்திலும் பக்கத்தில் சீல் கூட்டம் உண்டு. சுறா அங்கே வருவது சீலுக்காக. படகு போவது சுறாவுக்காக.

இனி பழக்கம் பற்றிய அச்சத்தை எடுத்துக்கொள்வோம். சுறாவால் கற்க முடியாது என்று சொல்லி இந்த அச்சத்தைத் தட்டிவிட முடியாது. 1950களின் இறுதியிலேயே யூஜினி கிளார்க் என்ற உயிரியலாளர் ஃபுளோரிடாவில் எலுமிச்சைச் சுறாக்களுக்கு ஒரு பலகையை மூக்கால் தள்ளினால் மணி அடிக்கும், உணவு கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தார். குளிர்காலம் முழுக்கப் பயிற்சி நின்றுபோன பிறகும் அவை அதை மறக்கவில்லை. ஆகவே வெள்ளைச் சுறாவும் கற்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எதைக் கற்கும்? கற்றல் என்பது ஓர் அடையாளத்துக்கும் ஒரு பலனுக்கும் இடையே விழும் முடிச்சு. இங்கே பலன் சூரை மீன் துண்டு. அதற்கு முன்னால் வரும் அடையாளங்கள் படகு எஞ்சினின் ஓசை, நங்கூரச் சங்கிலியின் சத்தம், எண்ணெய் வாசம், நீர்ப்பரப்பில் மிதக்கும் தலை. மனிதர் கம்பிக்குப் பின்னால், வாசமும் பலனும் இல்லாமல், காட்சியின் ஓரத்தில் நிற்கிறார். அவரிடமிருந்து சுறாவுக்கு ஒருமுறைகூட உணவு கிடைப்பதில்லை. ஃபால்ஸ் விரிகுடாவின் சீல் தீவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இந்தத் தர்க்கத்துக்கு ஒத்துப்போனது. மிதமான அளவில் நடக்கும் கூண்டுச் சுற்றுலாவால் சுறாக்களின் நடத்தை பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. இரையை எட்ட முடியாத சுறா சலித்துத் திரும்பிப் போவதும், அடிக்கடி இரையைப் பறித்துக்கொண்டுபோகும் சுறா சுற்றிச் சுற்றி வருவதும் இயல்பாக எதிர்பார்க்கக் கூடியவை. அதனால்தான் கயிறு பிடிக்கும் ஆளின் கைத்திறமை அந்தப் படகிலேயே மிக முக்கியமான உயிரியல் விஷயமாக ஆகிறது. அவர் அசந்து சூரைத் தலையைப் பறிகொடுக்கும் ஒவ்வொரு முறையும் சுறாவுக்கு ஒரு பாடம் நடக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை அலைச்சறுக்கு வீரர்களிடம் தேடக்கூடாது, நியூசிலாந்தின் அபலோன் முக்குளிப்பவர்களிடம் தேடவேண்டும். ஸ்டூவர்ட் தீவின் பக்கத்தில் சிறு படகில் போய், கூண்டு எதுவும் இல்லாமல் மூச்சடக்கிச் சிப்பி எடுப்பவர்கள் அவர்கள். ‘சுறா மனிதனைத் தேடும் என்று நாங்கள் சொல்லவில்லை. படகைத் தேடும் என்கிறோம். எங்களிடமும் படகுதான் இருக்கிறது’ என்ற அவர்களின் வாதத்தில், நான் மேலே சொன்ன தர்க்கமே எனக்கு எதிராகத் திரும்புகிறது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூண்டு முக்குளிப்பு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்றது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டச் சொற்களின் பொருளைப் பற்றிய அந்தத் தீர்ப்புகள் உயிரியல் கேள்வியைத் தீர்க்கவில்லை. என் மதிப்பீட்டில் அவர்களின் கவலை நியாயமானது, ஆனால் அதன் எல்லை குறுகியது. ஒரே தீவுக்கூட்டத்தில், ஒரே வகைப் படகோடு, சில மைல் இடைவெளிக்குள் வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தும். அங்கே தீர்வு இரண்டு தொழில்களையும் இடத்தால் பிரிப்பது. நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குளியல் கடற்கரைக்கு அந்தக் கவலையை நீட்டிக்க எந்த ஆதாரமும் கையில் இல்லை. உலகம் முழுவதும், எல்லா வகைச் சுறாக்களையும் சேர்த்து, மனிதர் சீண்டாமல் நடக்கும் கடிகள் வழக்கமான ஓர் ஆண்டில் 60, 70 அளவில்தான் இருக்கின்றன. அவ்வளவு சிறிய எண்ணில் ஒரு சுற்றுலாத் தொழிலின் கைவரிசையைத் தேடுவது சுலபமான வேலை இல்லை.

கூண்டைக் கடிக்கும் சுறாக்களின் காணொளிகளைப் பார்த்து ‘இது வெறி பிடித்த விலங்கு’ என்று முடிவு கட்டுபவர்களுக்கும் ஒரு விளக்கம் சொல்லவேண்டும். சுறாவின் மூக்கு நுனியில், 1678இல் லொரென்சினி விவரித்த, கூழ் நிரம்பிய நுண்துளைகள் இருக்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டின் நூறுகோடியில் சில பங்கு அளவே உள்ள மின்புலத்தைக்கூட அவை உணரும். உப்பு நீரில் வெவ்வேறு உலோகங்கள் அருகருகே இருந்தால் அவற்றினூடே சிறு மின்னோட்டம் ஓடும். ஆகவே கூண்டும், படகின் உந்துதண்டும், நங்கூரச் சங்கிலியும் சுறாவுக்கு மின்சாரத்தால் முனகிக்கொண்டே இருக்கும் பொருள்கள். இரையைக் கடிக்கும் கடைசிக் கணத்தில் வெள்ளைச் சுறா தன் கண்ணைக் காப்பாற்றப் பின்பக்கமாக உருட்டிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் அதற்குப் பார்வை இல்லை, வழிகாட்ட மின்புலம் இருக்கிறது. சூரைத் தலையைத் துரத்தி வந்து கடைசி அடியில் கம்பியைக் கடிப்பது இந்தக் குழப்பத்தால் நேரக்கூடியது. 2016இல் குவாடலூப்பேயில் ஒரு சுறா கூண்டின் கம்பிகளுக்கிடையே புகுந்து உள்ளேயே மாட்டிக்கொண்ட காணொளி பரபரப்பானது. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. உள்ளே போனது திமிறித்தான் வெளியேற வேண்டும். முக்குளித்தவருக்குக் காயம் இல்லை. 2019இல் அதே தீவில் இன்னொரு சுறா அப்படிச் சிக்கிப் பலத்த காயமடைந்தது. கூண்டு மனிதனைக் காக்கும் அளவுக்குச் சுறாவைக் காக்கவில்லை என்பதை அந்த இரண்டு சம்பவங்களும் காட்டின. பார்ப்பதற்கு அகலமான இடைவெளியும், சுறாவின் பாதைக்கு நேரே கயிற்றை இழுத்த கையும்தான் அங்கே பிழை.

இப்போது முக்கியமான ஆதாரத்துக்கு வருவோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனுக்குத் தெற்கே, சீல்கள் நிறைந்த நெப்டியூன் தீவுகளில் 2007க்குப் பிறகு கூண்டுப் படகுகள் போகும் நாட்கள் அதிகமாயின. சுறாக்களின் உடலில் பொருத்திய ஒலிக்குறிகளையும் கடலடியில் வைத்த ஒலிவாங்கிகளையும் கொண்டு பாரி புரூஸும் ரஸ்ஸல் பிராட்ஃபோர்டும் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அந்த அதிகரிப்புக்குப் பிறகு அங்கே தென்பட்ட சுறாக்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. அவை தங்கிய காலமும் நீண்டிருந்தது. படகு நிற்கும் இடத்தை ஒட்டி அவை திரண்டன. நாளின் எந்த நேரத்தில் அங்கே இருந்தன என்பதுகூடப் படகுகளின் நேரத்தோடு பொருந்தியது. மனிதனைத் தேடப் பழகினவா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. ஆனால் இன்னொன்றுக்குத் தெளிவான பதில் இருக்கிறது: படகுகள் சுறாவின் நாளை மாற்றி எழுதிவிட்டன. அரசு உரிமங்களைக் கட்டுப்படுத்தி, சுறாக்களுக்கு ஓய்வு நாட்களை ஒதுக்கியது. அங்கே ஒரு படகு இரையே போடாமல், நீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்து ராக் இசை ஒலிக்கவிட்டுச் சுறாவை வரவழைக்கிறது. ஏசி/டிசி குழுவின் பாடல்களுக்கு அதில் தனிப் பெயர் உண்டு. சிரிப்பு வரலாம். தாழ்ந்த அதிர்வுகளை உணரும் சுறாவுக்கு அது ஆர்வத்தைத் தூண்டும் சத்தம், அவ்வளவே.

தங்கும் காலம் நீண்டால் என்ன, சாப்பாடு கிடைக்கிறதே என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு தேவைப்படுகிறது. 2018இல் வெளியான ஆய்வில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லி ஹியூவனியர்ஸ் குழுவினர் பத்து வெள்ளைச் சுறாக்களின் மேல் அசைவை அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். கூண்டுப் படகோடு ஈடுபட்டிருக்கும் நேரத்தில் சுறாவின் உடல் அசைவு மற்ற நேரத்தைவிட 61 சதவீதம் அதிகமாக இருந்தது. அசைவு அளவு ஆற்றல் செலவுக்கு ஒரு பதிலி அளவை மட்டுமே, பத்து விலங்குகள் சிறிய மாதிரிதான், இடமும் ஒன்றுதான். இந்த மூன்று தயக்கங்களையும் சேர்த்தே இதைப் படிக்கவேண்டும். ஆனாலும் எண் சிறியதல்ல. வெள்ளைச் சுறா மற்ற பல மீன்களைப் போலக் குளிர்ந்த உடம்புக்காரன் இல்லை. தசையில் உண்டாகும் சூட்டை இரத்தக் குழாய் வலைகளால் திருப்பிப் பிடித்து, வயிற்றைக் கடல்நீரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடாக வைத்திருக்கும். அந்த அடுப்புக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். அதே நெப்டியூன் தீவுகளில் அளந்து 2013இல் வெளியான இன்னொரு ஆய்வின்படி, அங்கே வேட்டையாடும் சுறாவுக்கு ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒரு சீல் குட்டி அளவு உணவு தேவை. ஒரு முறை உண்டால் ஒன்றரை மாதம் தாங்கும் என்ற பழைய மதிப்பீட்டை அது கவிழ்த்தது. இப்படிப்பட்ட வரவு செலவில் வாழும் விலங்கு, எட்டாத சூரைத் தலைக்குப் பின்னால் அரைநாள் அலைந்தால் நட்டம். எட்டினாலும் மெலிந்த சூரைத் துண்டு ஒன்று கொழுத்த சீல் குட்டிக்கு ஈடாகாது.

இதற்கும் ஒரு மறுப்பு வரும், வரவேண்டும். வெள்ளைச் சுறா ஓரிடத்தில் ஒட்டிக்கிடக்கும் விலங்கு இல்லை. 2003 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் குறியிடப்பட்ட பெண் சுறா ஒன்று, நிக்கோல் என்று ஆய்வாளர்கள் பெயரிட்டது, 99 நாளில் 11,000 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தி மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்தது. அடுத்த ஆகஸ்டில் கான்ஸ்பாய் கடலுக்கே திரும்பிவிட்டது. அதன் முதுகுத் துடுப்பின் விளிம்பில் இருந்த வெட்டுகளை வைத்து அடையாளம் கண்டார்கள். இப்படிக் கடல்களைத் தாண்டும் விலங்குக்குச் சில நாள் படகுத் தொந்தரவு எம்மாத்திரம்? எனக்கு இந்த வாதம் பாதி சரி என்று படுகிறது. ஒரு தனிச் சுறாவின் ஆண்டுக் கணக்கில் கூண்டுப் படகின் பங்கு சிறியதாகவே இருக்கலாம். ஆனால் அது சீல் தீவுக்கு வருவதே கொழுப்புச் சேர்க்கும் பருவத்தில். நீண்ட பயணத்துக்குச் சேமிப்பு ஈரலில்தான் இருக்கிறது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டக்கூடிய அந்த எண்ணெய் ஈரலை நிரப்பும் நாட்களில் சில்லறைச் செலவும் செலவுதான். தவிர, பெண் சுறா குட்டி போடும் வயதை எட்டச் சுமார் 33 ஆண்டுகள் ஆகும் என்று 2015இல் வந்த முதுகெலும்பு வளைய ஆய்வு சொல்கிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்துக்குச் சிறு நட்டங்களைக்கூடக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

நேரமும் முக்கியம், எந்த நேரம் என்பது அதைவிட முக்கியம். ஃபால்ஸ் விரிகுடாவின் சீல் தீவில் வெள்ளைச் சுறாவின் வேட்டை பெரும்பாலும் விடியலை ஒட்டிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடந்தது. மங்கிய ஒளியில் கீழிருந்து பாய்ந்து வரும் சுறாவைச் சீல் பார்ப்பதில்லை. மொத்தத்தில் முயற்சிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே வெற்றி, வெளிச்சம் ஏற ஏற அதுவும் குறையும். ஆகவே பத்து மணிக்கு வரும் படகு சுறாவின் வேட்டையைக் கெடுப்பதில்லை. விடியலில் இரை ஊற்றும் படகு கெடுக்கலாம். 2007 ஆய்வு ஃபால்ஸ் விரிகுடாவில் பாதிப்பு சிறிது என்றும், 2013 ஆய்வு நெப்டியூனில் பெரிது என்றும் சொல்வது எனக்கு முரணாகப் படவில்லை. ஒன்று மிதமான தொழிலை அளந்தது, மற்றது பெருகிக்கொண்டே போன தொழிலை அளந்தது. அளவும் நேரமும்தான் கேள்வி. ‘நல்லதா கெட்டதா’ என்று கேட்டால் இந்த இரண்டும் கண்ணில் படாமலே போய்விடும்.

தொழிலின் ஆதரவாளர்கள் சொல்லும் பெருமைகளையும் சற்று உரசிப் பார்க்கவேண்டும். கூண்டுச் சுற்றுலாதான் சுறாவைக் காப்பாற்றியது என்பார்கள். வெள்ளைச் சுறாவுக்கு முதன்முதலில் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த நாடு தென்னாப்பிரிக்கா, 1991இல். அப்போது கூண்டுத் தொழில் அங்கே கால் ஊன்றவே தொடங்கியிருந்தது. ஆக, சட்டத்தைத் தொழில் கொண்டுவந்தது என்பது தலைகீழ்க் கதை. சுறாவை நேரில் பார்த்தவர் சுறாவின் நண்பராகிறார் என்பதும் அழகான எண்ணம்தான். படகிலிருந்து இறங்கும்போது கேட்கப்படும் கருத்துப் படிவத்தில் எல்லாருமே நண்பர்கள். அதே நாட்டின் குவாசூலு-நாட்டால் கடற்கரையில் 1952 முதல் கட்டப்படும் பாதுகாப்பு வலைகளில் வெள்ளைச் சுறாக்களும் சிக்கிச் சாகின்றன. அந்த வலைகள் அகற்றப்படும் அளவுக்கு இத்தனை ஆண்டுப் பயணிகளின் நட்பு ஒன்றும் பெருகிவிடவில்லை.

ஆனால் அவர்கள் அதிகம் பேசாத ஒரு நன்மை உண்டு, அதுவே பெரியது என்று நினைக்கிறேன்: கூண்டுப் படகு ஆண்டு முழுக்க ஒரே இடத்துக்குப் போகும் கண். துடுப்பு விளிம்பின் புகைப்படங்களிலிருந்து கான்ஸ்பாயில் 908 வெள்ளைச் சுறாக்கள் இருக்கலாம் என்று 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2016இல் இன்னொரு குழு, வேறு கணக்கில், தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் 438 என்றது. இரை வைத்து எடுத்த படத்தில் எந்தச் சுறா திரும்பத் திரும்ப வரும், எது வெட்கப்பட்டு ஒதுங்கும் என்பதெல்லாம் கணக்கைச் சாய்க்கும். சண்டை ஓயவில்லை. இருந்தாலும் சண்டை போடவே எண்கள் வேண்டும், அவற்றைச் சேர்க்கப் படகு வேண்டும். 2017இல் கான்ஸ்பாய்க் கரையில் ஈரல் மட்டும் பறிக்கப்பட்ட வெள்ளைச் சுறா உடல்கள் ஒதுங்கின. ‘போர்ட்’, ‘ஸ்டார்போர்ட்’ என்று பெயர்பெற்ற, முதுகுத் துடுப்பு ஆளுக்கொரு பக்கம் மடிந்த இரண்டு ஓர்க்காக்களின் (கொலைத் திமிங்கிலங்களின்) வேலை அது. அதன்பின் சுறாக்கள் வாரக்கணக்கில், பிறகு மாதக்கணக்கில் காணாமல் போயின. 2019இல் ஃபால்ஸ் விரிகுடாவில் மலைமேல் நின்று கண்காணிக்கும் குழுவினர் ஒரு வெள்ளைச் சுறாவைக்கூடப் பார்க்கவில்லை. இழப்புக்குக் காரணம் ஓர்க்காவா, வெள்ளைச் சுறாக்களின் இரையான சிறு சுறாக்களை அள்ளிப்போகும் நீள்தூண்டில் மீன்பிடிப்பா, வலைகளா, அல்லது சுறாக்கள் கிழக்கே இடம்பெயர்ந்தனவா என்று அறிவியலாளர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். வெள்ளைச் சுறா போனபின் அதே விரிகுடாவில் சீல்களும் ஏழு செவுள் சுறாக்களும் கூடுதலாகத் தென்பட்டன, அவற்றின் இரை மீன்கள் குறைந்தன என்று 2025இல் வந்த ஆய்வு காட்டியது. இருபது ஆண்டுக்கு மேல் ஒரே தீவுக்குப் போய்வந்த பதிவுகள் இல்லாமல் இதை யாரும் எழுதியிருக்க முடியாது.

இந்த நன்மையை மனத்தில் வைத்து மெக்சிகோவைப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் அரசு குவாடலூப்பேயில் வெள்ளைச் சுறாச் சுற்றுலாவை அடியோடு தடை செய்தது. கூண்டு விபத்துகள், விதிமீறல்கள், சுறாவின் வழக்கம் மாறுவது எல்லாம் காரணமாகக் காட்டப்பட்டன. ‘நாங்கள் போனால் திருட்டு மீன்பிடிப்பவர் வருவார்’ என்றனர் படகு உரிமையாளர்கள். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் தொழில் இழந்தவர் சொல்லும்போது எடை போட்டு ஏற்கவேண்டியது. காட்டு விலங்கைக் காசுக்காக வாசம் காட்டி இழுப்பதே தகாது, அதில் 61 சதவீதமா ஆறு சதவீதமா என்று கணக்குப் போடுவதே வீண் என்று ஒருவர் நினைத்தால், அவருக்கு ஆய்வு எதுவும் பதிலாகாது. அது மதிப்பு பற்றிய முடிவு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மெக்சிகோ அரசு கணக்கின் பெயரால் முடிவெடுத்தது. கணக்கின் பெயரால் என்றால், முழுத் தடைக்கு முன் செய்யவேண்டியவை நிறைய இருந்தன. சுறா புகமுடியாத கம்பி இடைவெளி, கூண்டை நோக்கிக் கயிறு இழுக்கக் கூடாது என்ற விதி, பறிபோன ஒவ்வொரு இரைத் துண்டையும் பதிவேட்டில் எழுதுதல், விடியலுக்குப் பின் இரண்டு மணி நேரம் கடலில் ஒரு துளி எண்ணெய்கூடச் சிந்தாமை, வாரத்தில் முழு ஓய்வு நாட்கள் ஆகியவை அவற்றில் சில. இவற்றில் எதுவும் பயணியின் அனுபவத்தைக் குறைக்காது. ஒருவேளை சுறாவுக்காகக் காத்திருக்கும் நேரம் கூடும், சில நாள் ஒன்றும் வராமலே படகு திரும்பும். அந்த வெறும் நாட்களையும் நாட்குறிப்பில் எழுதிவைக்கவேண்டும் என்பதை உரிமத்தின் முதல் நிபந்தனையாக வைப்பேன். ஃபால்ஸ் விரிகுடாவில் சுறாக்கள் போய்விட்டதை உலகுக்குச் சொன்னவை அப்படிப்பட்ட நாட்கள்தான்.